கொம்பு இடம் மாறாமல் இருக்க

ஒரு மலரைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் பார்ப்பது அட்டைப்படத்தைத்தான். அடுத்து, நம் பெயரோ நண்பரின் பெயரோ எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று தேடுவோம். எழுத்துகளை யாரும் பார்ப்பதில்லை. படிக்க மட்டுமே செய்கிறோம். எழுத்து ஒழுங்காக இருக்கும்வரை அது கண்ணில் படாது. ஆனால் ஒரே ஓர் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நின்றுவிட்டால் போதும். அழகான அட்டை, அருமையான கவிதை, துணைவேந்தரின் வாழ்த்துரை எல்லாம் மறைந்து, அந்தக் கொம்பு மட்டும் நம்மை முட்ட வரும்!

நான் படிப்பது இயந்திரவியல். வரைகலை என் பாடமன்று. முதலாம் ஆண்டில் பேரவையின் வெளியீட்டுப் பிரிவில் சேர்ந்தபோது "உனக்கு போட்டோஷாப் தெரியுமா?" என்று அக்கா ஒருவர் கேட்டார். இடைநிலைப்பள்ளியில் ஆண்டிதழுக்குப் படம் வெட்டி ஒட்டிய அனுபவம் இருந்ததால் "தெரியும் அக்கா" என்றேன். தெரியும்தான், ஆனால் மலாயிலும் ஆங்கிலத்திலும். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று வளர்ந்த என்னைப் போன்றவர்களின் நிலை இதுதான். தமிழை எஸ்.பி.எம். வரை பள்ளி நேரத்திற்குப் பிறகு நடந்த வகுப்பில் பேனாவால் எழுதினோம். கணினியை மற்ற மொழிகளில் கற்றோம். இரண்டும் ஒரே மேசையில் சந்தித்துக்கொண்டதே இல்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான், அதுவும் பேரவை அறையின் பழைய கணினியில்தான், அந்தச் சந்திப்பு நடந்தது. அது அவ்வளவு சுமுகமான சந்திப்பாக இல்லை.

தமிழ் ஏன் உடைகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'பெண்' என்று எழுதும்போது நம் கை முதலில் கொம்பைப் போட்டுவிட்டுப் பிறகு பகரத்தை எழுதுகிறது. ஆனால் யூனிகோடு முறையில் கணினி அதைச் சேமிக்கும் வரிசை வேறு. முதலில் பகரம், அடுத்து எகரக் குறி. ஒலிக்கும் வரிசையில் சேமித்துவிட்டு, திரையில் காட்டும் நேரத்தில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். 'கொ' என்றால் இன்னும் ஒரு படி மேலே. ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை ஒரு பக்கமும் காலை மறு பக்கமும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வதற்கென்றே மென்பொருளுக்குள் ஒரு பகுதி இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், இருந்தும் முடக்கப்பட்டிருந்தாலும், ககரம் ஒரு பக்கம், கொம்பு மறு பக்கம், நடுவில் ஒரு புள்ளிவட்டம் என்று எழுத்து சிதறிப்போகும். தட்டச்சு செய்தவர் மீது தவறில்லை, எழுத்துருவின் மீதும் தவறில்லை. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் பலர் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து இரவைக் கழிக்கிறார்கள்.

அடோபி நிறுவனத்தின் மென்பொருள்களில் இந்தப் பகுதி பல ஆண்டுகளாக இருக்கிறது. இன்டிசைனில் 2012-இல் வெளிவந்த சி.எஸ்.6 பதிப்பிலேயே இந்திய மொழிகளுக்கான ஆதரவு வந்துவிட்டது. ஆனால் அதை நாம்தான் தட்டி எழுப்ப வேண்டும். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மூலையில் உள்ள பட்டியலைத் திறந்து 'வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத்தேர்வுகளுக்குள் எழுத்துப் பிரிவில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு, பத்திப் பலகத்தில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டோஷாப்பின் அண்மைய பதிப்புகளில் இது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடுகிறது. பழைய பதிப்பாக இருந்தால் விருப்பத்தேர்வுகளில் எழுத்துப் பிரிவைத் தேடிப் போகத்தான் வேண்டும். நான்கு சொடுக்குகள்! இந்த நான்கு சொடுக்குகள் தெரியாததால் நம் நாட்டில் எத்தனை பதாகைகள் கேலிப்பொருளாகியிருக்கின்றன என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

மென்பொருள் வாங்கப் பணமில்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப், கிம்ப் ஆகிய இரண்டிலும் தமிழ் எந்தச் சொடுக்கும் இல்லாமல் சரியாக வருகிறது. காரணம், அவற்றின் உள்ளே இருக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல். எழுத்தை அந்தந்த மொழியின் வடிவத்திற்குக் கோத்துக் கொடுப்பதே அதன் வேலை. அந்தப் பெயர் பாரசீக மொழியிலிருந்து வந்தது. எழுத்தைக் குறிக்கும் சொல்லும் திறந்தது என்று பொருள்படும் சொல்லும் சேர்ந்தது. எங்கோ பாரசீகப் பெயர் தாங்கிய ஒரு நிரல் நம் கொம்பையும் காலையும் அததன் இடத்தில் வைக்கிறது என்பது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

இதற்கு முன்னால் இருந்தவர்கள் பட்ட பாடு வேறு. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு தனிக் குறிமுறை. பாமினியில் 'தமிழ்' என்று வர வேண்டுமானால் ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்ட வேண்டும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ்; இல்லாத கணினியில் வெறும் உளறல். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் நம் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூட்டிப் பேசினார்கள். இடையில் 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில்தான் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் தட்டச்சு பழகியவர்கள் நம் பெற்றோர் தலைமுறையில் பலர் இருக்கிறார்கள். ஆப்பிள் கருவிகளில் 'தமிழ் எம்.என்.', 'தமிழ் சங்கம் எம்.என்.' என்று இரண்டு எழுத்துருக்கள் உள்ளனவே, அந்த எம்.என். அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான். நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். உலகெங்கும் ஐபோன் வைத்திருக்கும் தமிழர் கையில் ஒரு மலேசியர் வரைந்த எழுத்து!

பாமினியின் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சென்ற ஆண்டு மலருக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று மரபுக் கவிதைகளை மின்னஞ்சலில் அனுப்பினார். திறந்து பார்த்தால் முழுவதும் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக இருந்தது. இன்னொருவர் புலனத்தில் துண்டு துண்டாக அனுப்பினார். வேறொருவர் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். குறிமாற்றி ஒன்றில் கொடுத்து ஆசிரியரின் கவிதைகளை யூனிகோடுக்கு மாற்றினேன். மேற்கோள் குறிகளும் 'ஸ்ரீ'யும் மட்டும் உருக்குலைந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அவருக்குப் பக்கத்தைக் காட்டியபோது எழுத்தழகைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. "மூன்றாவது அடியில் சீரைப் பிரித்துவிட்டாய் அம்மா, தளை தட்டுகிறது" என்றார். பெட்டி குறுகலாக இருந்ததால் வரி மடங்கியிருந்தது. பெட்டியை அகலமாக்கினேன். வெண்பாவுக்குப் பக்கம் அமைப்பவர் வெண்பா கற்றிருக்க வேண்டியதில்லை; ஆனால் அடி எங்கே முடிகிறது என்றாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்து சேரும் படைப்புகளைத் தூய்மைப்படுத்துவதுதான் பக்க வடிவமைப்பில் பாதி வேலை. 'ஔவையார்' என்பதற்கு ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார்கள். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் இருக்கும். 'கொ'வுக்குக் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மின்னூலாக வெளியிட்ட பிறகு ஒருவர் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். இவற்றைத் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு முதலிலேயே களைந்துவிடுவது நல்லது. பக்கத்தில் ஊற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரு சொல் மாறும்போது ஒரு வரி மாறும், ஒரு வரி மாறும்போது எட்டுப் பக்கம் நகரும்.

தமிழ் எழுத்துக்கென்று சில குணங்கள் உண்டு. ஆங்கிலப் பாடக்காணொளிகளில் இவற்றைச் சொல்லித் தரமாட்டார்கள். நம் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. மலாயில் மூன்று சொல்லில் அடங்கும் தலைப்பு தமிழில் இரண்டு வரியாகும். குறுகிய பத்தியில் இரண்டு ஓரமும் சமமாக்கினால் சொற்களுக்கு நடுவே ஆறு ஓடும். நான் இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்திவிட்டு வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிடுவேன். மேலே இகரச் சுழியும் புள்ளியும், கீழே உகர, ஊகாரக் கால்களும் இருப்பதால் வரி இடைவெளி தாராளமாக வேண்டும். 12 புள்ளி எழுத்துக்கு 18 புள்ளி இடைவெளி கொடுத்தால் கண் நோகாது. தலைப்பை அழகுபடுத்துவதாக நினைத்து எழுத்திடைவெளியை இழுக்காதீர்கள். கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி அநாதையாக நிற்கும். தடித்த எழுத்துரு இல்லாதபோது மென்பொருள் தானாகவே பூசிக் காட்டும் போலித் தடிப்பையும் பயன்படுத்தாதீர்கள். 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளின் உள்வளைவுகள் மையால் அடைந்துபோகும். நம் மொழியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. அதனால் எது தலைப்பு, எது உள்ளடக்கம் என்பதை அளவாலும் தடிப்பாலும் வண்ணத்தாலும்தான் காட்ட முடியும்.

அதற்கு ஏற்ற எழுத்துருக்கள் இப்போது நிறைய உண்டு, காசும் கொடுக்க வேண்டாம். கூகுள் எழுத்துருக் களஞ்சியத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, அனேக் தமிழ் என்று பல திறந்த உரிமத்துடன் கிடைக்கின்றன. அவற்றில் பல, மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை பல எடைகளில் வருகின்றன. என்னைக் கேட்டால் நீண்ட கட்டுரைகளுக்கு நோட்டோ செரிஃப், தலைப்புக்குக் கட்டமரன். பலூ தம்பி பொங்கல் விழா அழைப்புக்குப் பொருந்தும். இரங்கல் அறிவிப்புக்கு அதைப் போட்ட ஒரு சுவரொட்டியைப் பார்த்திருக்கிறேன், இறந்தவரே எழுந்து சிரிப்பார்.

இவ்வளவும் திரையோடு முடிகிற விசயம். அச்சுக்குப் போகும்போது கதை மாறும்.

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி சிறியது. நான் ஆறாம் ஆண்டு முடித்தபோது என் வகுப்பில் 11 பேர்தான் இருந்தோம். முதலாம் ஆண்டுப் பதிவுக் காலத்தில் பள்ளி வேலியில் ஒரு பந்திங் தொங்கவிடுவது வழக்கம். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டு தொங்கியதில் 'பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் பதியுங்கள்' என்று இருந்திருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், அந்த வாசகத்தில் ஐந்து இடங்களில் கொம்பு வருகிறது. ஐந்தும் உடைந்திருந்தன. ஆசிரியர்கள் சரியாக எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். அச்சிட்ட கடையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அன்று மாலைக்குள் படம் ஊர்ப் புலனக் குழுக்கள் அனைத்திலும் சுற்றியது. "பள்ளிக்கூடத்துக்கே தமிழ் எழுதத் தெரியலையே, நம்ம பிள்ளைக்கு என்ன சொல்லித் தரப் போறாங்க?" என்று ஒருவர் எழுதியிருந்ததை அம்மா எனக்கு அனுப்பினார். அந்த வரியை நான் விடுதி அறையில் படித்தேன். எனக்கு 'அ' எழுதக் கையைப் பிடித்துச் சொல்லித் தந்த டீச்சர் இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறார்.

அடுத்த ஆண்டு தலைமையாசிரியை என்னை அழைத்தார். "நீதான் அங்கே இதெல்லாம் செய்றியாமே? நமக்கும் ஒன்னு செஞ்சு கொடும்மா" என்றார். செய்து கொடுத்தேன். இரண்டடிக்கு ஐந்தடி. தொலைவிலிருந்து பார்ப்பது என்பதால் அந்த அளவுக்கு 150 டி.பி.ஐ. போதும். புத்தகப் பக்கத்தில் இருக்கும் படத்திற்குத்தான் 300 வேண்டும். ஏ4 முழுப்பக்கம் என்றால் 2480-க்கு 3508 படப்புள்ளிகள். நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் வெட்டு விளிம்பு விட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏ4 தாளுக்கு அதைச் சேர்த்தால் கோப்பின் அளவு 216-க்கு 303 மில்லிமீட்டர். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கிவிடும். ஆதலால் நான்கு வண்ண முறைக்கு மாற்றிப் பார்த்த பிறகே வண்ணத்தை முடிவு செய்ய வேண்டும். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பைக் கொடுத்தால், தாள் ஓர் இழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அனுப்பும் முன் எழுத்துகளை உருவரைகளாக மாற்றிவிடுவது. இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. அதன் பிறகு அது எழுத்தன்று, வெறும் ஓவியம். கடைக்காரரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும், அவர் கோரல்டிரா திறந்தாலும், கொம்பு அசையாது. ஆனால் ஓவியமாகிவிட்டதைத் திருத்தவும் முடியாது. அதனால் திருத்தக்கூடிய மூலக்கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டேன். நல்லவேளை! பதிவு நாள் மாறிவிட்டது என்று டீச்சர் கடைசி நேரத்தில் அழைத்தபோது, கோலாலம்பூரிலிருந்து ஊருக்குப் போகும் பேருந்தில் மடிக்கணினியைத் திறந்து ஐந்தே நிமிடத்தில் மாற்ற முடிந்தது.

இந்த முறை வேறு கடை. கடைக்காரர் சீனர், ஐம்பதைத் தாண்டியவர். "அடிக், எனக்கு இது கோலம் மாதிரிதான் தெரியும், சரியா தப்பா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று மலாயில் கேட்டார். நியாயமான கேள்வி. கோப்புடன் ஒரு படத்தையும் கொடுத்து, இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். பிறகு ஒரு தாளில் புள்ளிகளால் ஆன சிறு வட்டம் ஒன்றை வரைந்து காட்டினேன். "அங்கிள், தமிழில் இப்படி ஓர் எழுத்து கிடையவே கிடையாது. இது எங்கே தெரிந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாடிக்கையாளரைக் கூப்பிடுங்கள்" என்றேன். அவர் அந்தத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். சில மாதங்கள் கழித்துப் பேரவைப் பதாகைக்காகப் போனபோது அது அங்கேயே இருந்தது. ஒரு கோயில் திருவிழா அறிவிப்பை அவர் அப்படித்தான் நிறுத்தினாராம். "கோயில்காரர் வந்து பார்த்துவிட்டு எனக்குத் தமிழ் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்" என்று சொல்லிச் சிரித்தார்.

எங்கள் பந்திங்கைப் பார்த்து எத்தனை பேர் பிள்ளைகளைப் பதிந்தார்கள் என்று கேட்காதீர்கள். பந்திங்கைப் பார்த்து யாரும் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதில்லை. ஆனால் அந்த ஆண்டு யாரும் படம் எடுத்துக் குழுக்களில் போடவில்லை. அது போதும் என்று டீச்சர் சொன்னார்.

இப்போது சிலர் "இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும், செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் சுவரொட்டியே வந்துவிடுமே" என்கிறார்கள். நானும் முயன்று பார்த்திருக்கிறேன். மயிலும் மாக்கோலமும் அழகாகவே வந்தன. 'பொங்கல் வாழ்த்து' என்று கேட்ட இடத்தில் தமிழ் போலவும் கன்னடம் போலவும் ஏதோ சுழிகள் வந்தன. பின்னணிப் படத்தை அதனிடம் வாங்கிக்கொண்டு, எழுத்தை நானே வைத்தேன். நாளை அது சரியாக எழுதலாம். சரியா என்று பார்க்கத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அப்போதும் வேண்டும். ஒற்று மிகுமா மிகாதா என்ற சண்டையும் அப்போதும் இருக்கும். மெய்ப்பு பார்ப்பவர் விட்ட ஒற்று கடைசியில் வடிவமைத்தவர் தலையில்தான் விழுகிறது!

இந்த ஆண்டோடு என் படிப்பு முடிகிறது. அடுத்த மலரின் பொறுப்பை ஏற்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு: மூன்று ஆண்டு மலர்களின் மூலக்கோப்புகளும் பயன்படுத்திய எழுத்துருக்களும் பேரவை அறையில் உள்ள வெளி வன்தட்டில் ஆண்டு வாரியாக இருக்கின்றன. பத்திப் பாணிகள் ஏற்கனவே அமைக்கப்பட்டவை; வேர்ல்ட்-ரெடி கம்போசரும் அவற்றிலேயே இருக்கிறது, புதிய கோப்பு தொடங்காதீர்கள். நடுவில் கம்பி அடிக்கும் மலர் என்பதால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். படங்களைப் புலனத்தில் கேட்டால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். அச்சகத்தில் முதல் மாதிரிப் படி வந்ததும் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு 'ஓகே' சொல்லாமல், ஒருவர் வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் பார்த்து வரட்டும். கடைக்காரர் அங்கிளின் எண் பேரவைச் செயலாளரிடம் இருக்கிறது.